சும்மா கிடக்கும் ஒரு தேதியைக் கொண்டாடுவது எப்படி: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் பாட்டு

பொங்கல், தீபாவளிக்கு யாரும் வழி சொல்லித் தர வேண்டியதில்லை. மற்ற நாட்களில் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, ராகு காலம் பார்த்து, கசக்கிப் போட்டுவிடுகிறோம். அப்படிப்பட்ட ஒரு நாளை எடுத்து, மாலையில் ஒரு மணி நேரம் வீட்டாரும் பக்கத்து ஃபிளாட்காரர்களும் மொட்டை மாடியில் கூடி அனுபவிக்க முடியும். செலவு சுண்டலுக்கு மட்டும்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சரித்திரம், சிரிப்பு, பாட்டு மூன்றும் ஒரே விஷயத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஆளுக்கொரு திசையில் போனால் அது பள்ளி ஆண்டு விழா மாதிரி ஆகிவிடும். ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தால்தான் அந்தத் தேதி அடுத்த வருஷமும் நினைவிருக்கும். இங்கே ஜூன் 16-ஐ எடுத்துச் செய்து காட்டுகிறேன்.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

உங்கள் ஊர் சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். உலகப் போர், நிலவில் கால் வைத்தது எல்லாம் பெரிய விஷயங்கள்தான், ஆனால் கேட்பவர் அதில் சேர்ந்துகொண்டு பேச இடம் இருக்காது. சென்னை மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகையைப் பற்றிச் சொன்னால் "அங்கேதான் பிறப்புச் சான்றிதழுக்கு அலைஞ்சேன்" என்று உடனே ஒரு குரல் வரும். அந்தக் குரல்தான் நமக்கு வேண்டும்.

1938 ஜூன் 16 அன்று சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. வானொலி என்றாலே பாட்டு இருக்கிறது, ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோரிடமும் கதை இருக்கிறது. முதல் முயற்சிக்கு இதைவிடத் தோதான தேதி கிடைப்பது கஷ்டம்.

படி 2: தகவலைச் சரிபாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் "வரலாற்றில் இன்று" செய்தியை அப்படியே எடுத்து வாசிக்காதீர்கள். முக்கியமாக "முதல்" என்ற சொல் வந்தால் உஷாராகிவிடுங்கள்.

நம் வானொலியையே பாருங்கள். சென்னையில் வானொலி எப்போது வந்தது என்று கேட்டால் மூன்று பதில்கள் உண்டு. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் அந்த ஆண்டே ஒலிபரப்பை ஆரம்பித்துவிட்டது. பணம் போதாமல் கிளப் 1927-ல் மூடப்பட்டது. அதன் கருவிகளை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. தெருவிளக்கும் குப்பையும் கவனிக்கும் மாநகராட்சி மாலை வேளைகளில் ஊருக்குப் பாட்டும் போட்டது! மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து, காற்று வாங்க வந்தவர்களையும் கேட்க வைத்தது. அதற்கும் எட்டு வருஷம் கழித்துத்தான் அகில இந்திய வானொலி வந்து பொறுப்பேற்றது. மூன்று பதிலும் சரிதான், கேள்விதான் வேறு வேறு. ஆகவே "சென்னையின் முதல் வானொலி ஜூன் 16-ல்" என்று எழுதினால் தப்பு. "அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம்" என்று எழுதினால் சரி.

எங்கே தேடுவது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் வீட்டிலிருந்தே கிடைக்கும். நேரில் போக முடிந்தால் எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இரண்டு இடத்தில் ஒரே தேதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாதத்தோடும் வருஷத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

படி 3: இரண்டு நிமிடத்துக்கு எழுதுங்கள்

வாய்விட்டுப் படித்தால் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். தேதியில் ஆரம்பிக்காமல் ஆளில் அல்லது இடத்தில் ஆரம்பியுங்கள். இப்படி:

"தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சாயங்காலம் மெரினாவுக்குப் போனால் காற்றோடு பாட்டும் வரும். போட்டது யார் தெரியுமா? நம்ம மாநகராட்சி!"

இதற்கு அப்புறம் கிளப், மாநகராட்சி, 1938 என்று வரிசையாகச் சொன்னால் போதும். கூட்டத்தில் யாராவது குறுக்கே பேசினால் பேச விடுங்கள்.

படி 4: சிரிப்பு

இணையத்திலிருந்து ஜோக் எடுத்து வாசித்தால் ஒருவர் சிரிப்பார், இரண்டு பேர் போனைப் பார்ப்பார்கள். அன்றைய விஷயத்திலிருந்தே சிரிப்பை எடுங்கள். வானொலி நாளுக்கு நான் சொல்வது, வீட்டுச் செய்தி அறிக்கை. யாராவது ஒருவர் பழைய ஆகாசவாணிக் குரலில் நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும்:

"ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது மூன்றாம் மாடி முரளி. தலைப்புச் செய்திகள். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இரண்டாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையே நிலவிய துணிக்கொடிப் பிரச்சினையில் சுமுகத் தீர்வு எட்டப்பட்டது. வானிலை: அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் சமையலறையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு."

வாசிப்பவர் சிரிக்கவே கூடாது. முகம் கல்லாக இருக்க இருக்க, கூட்டம் அதிகமாகச் சிரிக்கும். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் உயிரை விட்டுச் செய்வார்கள்.

பெரியவர்களிடம் ரேடியோ லைசென்ஸ் பற்றிக் கேளுங்கள். ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். 1980-களில்தான் அது ரத்தானது. "பாட்டு கேட்க லைசென்ஸா?" என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. யாராவது இறந்துபோன சம்பவத்தில் சிரிப்பைத் தேடாதீர்கள். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதை ஒரு நாளாக எடுத்தால், அந்தக் குண்டுவீச்சில் உயிர்கள் போயிருக்கின்றன. அன்றைக்குக் கதையும் பாட்டும் போதும். பகலில் உயர் நீதிமன்ற மதில் சுவரில் இருக்கும் நினைவுக்கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.

படி 5: பாட்டு

மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் ஆகாசவாணியின் அடையாள இசையைப் போடுங்கள். வால்டர் காஃப்மன் அமைத்தது. ஐரோப்பாவிலிருந்து 1934-ல் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள வானொலியில் இசைப் பொறுப்பில் இருந்தவர். அதில் சிவரஞ்சனி ராகத்தின் சாயல் உண்டு. அறிவிப்பு எதுவும் செய்யாமல், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே போட்டுவிடுங்கள். விடியற்காலையில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

அடுத்து சிவரஞ்சனியில் உங்களுக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டு. மூன்றாவதை யாராவது வாயால் பாட வேண்டும். சுருதி விலகினாலும் பரவாயில்லை. ஸ்பீக்கரில் எத்தனை நல்ல பாட்டு போட்டாலும், தெரிந்த அத்தை பாடும்போது கூட்டம் கொஞ்சம் நெருங்கி உட்காரும்.

படி 6: நேரம், இடம்

ஜூனில் ஆறரை மணிக்குத் தொடங்குங்கள். கடல் காற்று வந்துவிட்டால் மாடி தாங்கும். கரண்ட் போனால் நிற்காமல் இருக்க ஸ்பீக்கரைச் சார்ஜ் செய்து வையுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் முன்பே சொல்லிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

முடிந்ததும், அங்கே வந்த கதைகளை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் தெரு, ஏறக்குறைய எந்த வருஷம் என்பது போதும். அச்சில் எங்கேயும் கிடைக்காத சரித்திரம் அது.

கலைவதற்குள் அடுத்த தேதியை ஒருவர் தலையில் கட்டிவிடுங்கள். ஜூலை 1 கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: 1856-ல் அன்றுதான் சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு நிலையத்துக்குப் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ராயபுரத்துப் பழைய நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது, ரயில் பாட்டுக்குத் தமிழ் சினிமாவில் பஞ்சமே இல்லை.