காய்கறியில் நிறம் எடுக்கும்போது செய்யும் தவறுகள்

2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்திருப்பது தெரியவந்து, தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது. அப்புறம்தான் எங்கள் வீட்டிலும் கலர் பொடியைக் கைவிட்டுக் காய்கறி நிறத்துக்கு மாறினோம். முதலில் செய்த தேங்காய் பர்பி, வாணலியில் ரோஜா நிறமாக இருந்து, தட்டில் கொட்டுவதற்குள் பழுப்பாகிவிட்டது. பீட்ரூட் சாற்றைத் தொடக்கத்திலேயே ஊற்றியதுதான் தவறு.

பீட்ரூட்டுக்குச் சிவப்பைத் தரும் பீட்டானின் நெடுநேரச் சூட்டைத் தாங்காது. கெட்டியான நிறம் வேண்டுமென்று சாற்றைக் கொதிக்கவிட்டு வற்றவைத்தால், வற்ற வற்ற நிறமும் போய்விடும். துருவிப் பிழிந்து, கொதிக்கவைக்காத சாற்றை, அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பதே சரி. பர்பி போல இறுக வேண்டிய பண்டத்தைச் சாறு இளக்கிவிடும். அதற்குப் பொடிதான் ஏற்றது. பீட்ரூட்டை மெல்லிசாகச் சீவி நிழலில் உலர்த்தி, ஒடித்தால் 'படக்'கென்று உடையும் பதத்தில் அரைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்த தவறு ஆப்ப சோடா. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே காரத்தன்மையின் (புளிப்புக்கு எதிரான குணத்தின்) வேலைதான் இங்கும். சோடா போட்ட கேக்கில் பீட்ரூட் மங்கிப் பழுப்பாகும். கொஞ்சம் தயிரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நிறம் ஓரளவு நிற்கும். ஊதா முட்டைக்கோஸ் சாற்றில் மட்டும் இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாக்கலாம். எலுமிச்சை விட்டால் இளஞ்சிவப்பு, துளி சோடா போட்டால் நீலம். சோடா கூடினால் பச்சையாகிவிடும், ருசியும் கெடும்.

கீரைக்குப் புளிப்பு ஆகாது. பசலையை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி அரைத்தால் பளிச்சென்ற பச்சை வரும். அதில் எலுமிச்சை பிழிந்தாலோ, நேரம் மறந்து கொதிக்கவிட்டாலோ பாசி நிறம்தான்.

கேரட்டைத் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டுவதால் பெரிய பயனில்லை. அதன் ஆரஞ்சு நிறம் கொழுப்பில்தான் கரையும். துருவலை நெய்யில் சிறு தீயில் வதக்கி வடிகட்டினால் நெய்யே பொன்னிறமாகும். கேசரிக்கு அந்த நெய்யை ஊற்றினால் போதும், தனியாகக் கலர் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிழிந்த சாற்றை வெளியில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, தேவைப்படும்போது ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளலாம்.