எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி.யா? பில்லைச் சரிபார்க்கும் முறை

பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்குள் வரி முழுவதும் அடக்கம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அதன் மேல் ஒரு ரூபாய்கூட வரி என்று கடையில் கேட்க முடியாது. பில்லில் சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசின் பங்கு), எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில அரசின் பங்கு) என இரண்டு வரிகள் தெரிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது விலைக்குள் இருக்கும் வரியைப் பிரித்துக் காட்டுவதுதான்.

பிரித்துப் பார்ப்பது எளிது. விலையை வரி விகிதத்தால் பெருக்கி, நூறுடன் அந்த விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஷாம்பு 210 ரூபாய், வரி 5 சதவீதம் என்றால் 210 × 5 ÷ 105 = 10 ரூபாய். சி.ஜி.எஸ்.டி. 5 ரூபாய், எஸ்.ஜி.எஸ்.டி. 5 ரூபாய், பொருளின் விலை 200 ரூபாய். பலர் 210-க்கே நேராக 5 சதவீதம் போட்டு 10.50 என்று கணக்கிட்டு, பில் தப்பு என்று சண்டைக்குப் போகிறார்கள். வரி 200-க்குத்தான், 210-க்கு அல்ல.

உண்மையில் ஏமாறும் இடம் தள்ளுபடி. மிக்சி எம்.ஆர்.பி. 5,900, 20 சதவீதம் தள்ளுபடி போக 4,720. அதற்குள்ளேயே 18 சதவீத வரி 720 ரூபாய் இருக்கிறது. சில கடைகளில் 4,720-க்கு மேல் மறுபடி 18 சதவீதம் போட்டு 5,569.60 என்று பில் தருகிறார்கள். "எம்.ஆர்.பி.யைத் தாண்டவில்லையே" என்பது அவர்கள் பதில். அதை ஏற்க வேண்டியதில்லை. வரி உட்பட்ட விலையில்தானே தள்ளுபடி சொன்னார்கள்? தள்ளுபடி விலைக்கு மேல், ஜி.எஸ்.டி.க்கு முன்பிருந்த வாட் வரியை வசூலித்ததை முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இலேயே சொல்லியிருக்கிறது. பணம் கட்டும் முன்பே, "தள்ளுபடி போக கையிலிருந்து எவ்வளவு தரணும்?" என்று கேட்டுவிடுங்கள்.

விகிதமும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டி, ஷாம்பு, பற்பசைக்கு 18-இலிருந்து 5 சதவீதம். ஆயத்த ஆடைக்கு 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18.

வரி வாங்கியிருந்தால் பில்லில் கடையின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும்; தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் கடையின் பெயரும், காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) உள்ளதா என்பதும் தெரியும். காம்போசிஷன் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவே கூடாது.

கூடுதலாக வாங்கியிருந்தால் பில்லையும் பாக்கெட்டில் விலை அச்சான பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.