லேசருக்கு முன் கண் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“535 இருக்குக்கா, தாராளமா பண்ணலாம்.” போன வாரம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கார்னியா (கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் தோல்) தடிமன் அளந்த சீட்டை நீட்டிச் சொன்னது. சேலத்தில், கண்ணாடியைக் கழற்ற லேசர் வேண்டும் என்று வருகிறவர்களை முதலில் பார்க்கும் அறையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரி முடித்து வரும் ஒவ்வொரு குழுவிலும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். அதனாலேயே கேட்கும்போது எரிச்சல் தாங்கவில்லை. தடிமனை மட்டும் பார்த்து லேசருக்குச் சரி என்று சொல்லிவிட முடியாது.

வலது கண் அளவை இடது கண்ணுக்கு எழுதுவது மாதிரியான பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை நாலு நாளில் நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

தடிமனை வைத்தே கணக்கை முடிப்பது

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். 22 வயது. கொலுசில் சலங்கை பற்றவைப்பது அவள் வேலை. சிலிண்டர் (கார்னியா கோணலாக இருப்பதால் வரும் பவர்) உட்பட பவர் மைனஸ் 5 டயாப்டர். கார்னியா தடிமன் 528 மைக்ரான்; சராசரி 540 என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. கார்னியாவை லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்யும் லாசிக்கில், மேலே மூடி மாதிரி எடுக்கும் ஃப்ளாப்புக்கு 110, ஒரு டயாப்டருக்கு 15 வீதம் லேசர் செதுக்குவதற்கு 75. மீதி 343. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும், 300 இருந்தால் நிம்மதி என்பது விதி. மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று இன்று பார்க்கும் கணக்கைப் போட்டாலும் 35தான் வருகிறது. எல்லாம் தேறிவிட்டது.

கார்னியாவின் வளைவை நிறத்தில் காட்டும் டோபோகிராஃபி படத்தில் மட்டும் மேல் பாதி பச்சையாகவும், கீழே அரை நிலா மாதிரி ஆரஞ்சாகவும் இருந்தது; ஆரஞ்சு என்றால் அங்கே வளைவு அதிகம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி நாலே நாள் ஆகியிருந்தது; லென்ஸ் அழுத்தியும் படம் இப்படிக் கோணலாம். அடுத்த மாதம் கல்யாணம். படத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘லென்ஸ் போட்டதால்’ என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மருத்துவர் என் குறிப்பை நம்பி லாசிக் செய்தார்.

முதல் வருடம் பார்வை முழுசாக 6/6. இரண்டாவது வருடம் வந்து, “ராத்திரி அஞ்சு ரோட்டுல வண்டி லைட்டுக்கெல்லாம் வால் முளைச்ச மாதிரி தெரியுதுக்கா” என்றாள். வலது கண்ணில் சிலிண்டர் 3. கார்னியா கீழ்ப்பக்கம் முன்னால் பிதுங்கியிருந்தது. இதுதான் எக்டேசியா: கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் வலுவிழந்த இடம் தள்ளிக்கொண்டு வருவது. லாசிக்குக்குப் பிறகு இப்படி ஆகும் என்று சைலர் குழுவினர் 1998-லேயே எழுதிவிட்டார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை.

அன்று அவள் அம்மா துணிப்பையிலிருந்து பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்து வைத்தார். 17 வயதில் சிலிண்டர் அரை. 19-ல் ஒன்று. 21-ல் ஒன்றே முக்கால், அச்சும் திரும்பியிருந்தது. வருடா வருடம் கார்னியா கோணிக்கொண்டே வந்த கதை அந்த மூன்று சீட்டிலும் இருந்தது. “இதெல்லாம் அப்பவே பையிலதானம்மா இருந்துச்சு. நீங்க கேக்கலியே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்றும் அது காதில் இருக்கிறது.

துணியின் கனத்தைத் தொட்டுப் பார்த்து, பாவில் எத்தனை இழை விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல முடியுமா? கார்னியாவும் கொலாஜன் இழைகளால் ஆனதுதான். 250, 300, 40 சதவீதம் எல்லாமே இழை சரியாக இருக்கும் கண்ணுக்குப் போட்ட கணக்கு. வலுவான இழைகள் முன்பகுதியில்தான் அதிகம். ஃப்ளாப் வெட்டும்போது அங்கேதான் கை வைக்கிறோம். வெட்டிய இடம் பழைய வலுவுக்குத் திரும்புவதே இல்லை.

அதனால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். மேலும் கீழும் ஒத்திருக்கிறதா? மிக மெல்லிய இடம் நடுவிலிருந்து கீழே நகர்ந்திருக்கிறதா? கார்னியாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுக்கும் பென்டாகேமில் பின்பக்கம் மேடு தட்டுகிறதா? கார்னியா மெலிந்து கூம்பு மாதிரி பிதுங்கும் நோயான கெரட்டோகோனஸின் ஆரம்பத்தில், மேடு தட்டும் இடத்தில் மேல்தோல் மெலிந்து முன்பக்கத்தைச் சமமாகக் காட்டிவிடும். பின்பக்கம் அப்படி ஏமாற்றாது. மெஷினுக்குப் போகும் முன், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பை எடுத்து ஒளியை அசைத்துப் பாருங்கள். நிழல் கத்தரி மாதிரி திறந்து மூடினால் அங்கேயே நில்லுங்கள். ஒரு கண்ணில் கெரட்டோகோனஸ் தெரிந்தால், மற்றது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அதற்கும் லாசிக் கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டும் கிராஸ்லிங்கிங் செய்தார்கள். பிதுங்குவது நின்றது. போன பார்வை அதனால் திரும்பாது. இப்போது தினமும் காலையில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸில் சலைன் நிரப்பி, குமிழி விழாமல் குனிந்து மாட்டிக்கொள்கிறாள். பற்றவைக்கும் புகையில் அந்த லென்ஸ் தாங்குவதில்லை. சலங்கை வேலையை விட்டுவிட்டாள்.

லென்ஸைக் கழற்றிய கையோடு ஸ்கேன் எடுப்பது

சாஃப்ட் லென்ஸ் என்றால் இரண்டு வாரம். கெட்டி லென்ஸ் என்றால் குறைந்தது ஒரு மாதம், பல வருடம் போட்டவர்களுக்கு இன்னும் கூட. படம் மாறிக்கொண்டே இருந்தால் அது நிலைக்கும்வரை மறுபடி மறுபடி எடுக்க வேண்டும். கல்யாணத் தேதி நமக்குக் கணக்கில்லை.

“கண்ணைக் கசக்குவீங்களா?” என்று மட்டும் கேட்பது

அழுத்திக் கசக்குவது கார்னியாவை வலுவிழக்கச் செய்யும். ஆனால் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அம்மாபேட்டை, இளம்பிள்ளை தறிக்கூடங்களில் பஞ்சுத் தூசியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கசக்குவது ஒரு செயலாகவே தெரியாது. “காலையில எழுந்ததும் என்ன பண்ணுவீங்க, காட்டுங்க” என்று கேளுங்கள். விரல் நுனியால் ஓரத்தைத் தேய்ப்பது வேறு, முட்டியை வைத்து அழுத்தித் திருகுவது வேறு. வெளியே காத்திருக்கும்போதே கவனியுங்கள், கூட வந்தவரிடமும் கேளுங்கள். அலர்ஜி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. லேசர் பேச்சு அப்புறம்.

18 வயது முடிந்துவிட்டது என்பதே தகுதி என நினைப்பது

ஒரு வருடமாகவாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் காத்திருக்க வேண்டும்.

“ஸ்மைல் பண்ணா பயமில்லை”

ஸ்மைல், பிஆர்கே இரண்டும் ஃப்ளாப் வெட்டாமல் செய்யும் லேசர் முறைகள். அவற்றுக்குப் பிறகும் எக்டேசியா வந்திருக்கிறது.

வேலைக்காக வருகிறவர்கள்

ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கு லாசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. அறிவிப்பைப் படிக்கச் சொல்லி அனுப்புங்கள்.

“இப்போதைக்கு வேண்டாம்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது

காரணம் தெரியாமல் போகிறவர் அடுத்த மாதமே வேறு ஊரில் செய்துகொள்வார். அங்கே தடிமனைப் பார்த்துச் சரி என்றும் சொல்லிவிடுவார்கள். அதனால் காரணத்தைத் தமிழில் எழுதி, ஸ்கேன் பிரதியோடு கையில் கொடுங்கள்: கார்னியா கீழ்ப்பக்கம் வலுக் குறைவாக இருக்கலாம், லேசர் கூடாது, ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன், கண்ணைக் கசக்கக் கூடாது. படம் மாறினால் காலத்தோடு கிராஸ்லிங்கிங் செய்யலாம். மாறாமல் இருந்தால், சிலருக்குக் கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸைப் பற்றி மருத்துவர் யோசிப்பார்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரை அப்படித்தான் அனுப்பினேன். மூன்று வருடமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கி வருகிறார். அதே பவர், அதே கண்ணாடி. உட்கார்ந்ததும் நான் கேட்பதற்கு முன்பே பழைய சீட்டுகளை வரிசையாக மேசையில் எடுத்து வைத்துவிடுகிறார்.