புளோரிடாவில் தனியார் பள்ளி: கையெழுத்துப் போடும் முன்

எச்-4, எல்-2 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) வந்த பிள்ளைகளுக்கும் புளோரிடாவில் அரசுப் பள்ளி இலவசம். அரசுப் பள்ளி என்றால் மட்டம் என்ற ஊர்க்கணக்கு இங்கே செல்லாது. வீடு பார்க்கும்போதே அந்த முகவரி எந்தப் பள்ளிக்கு உட்பட்டது என்று கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) தளத்தில் பார்த்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சி போன்ற சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் சட்ட உரிமை உண்டு. தனியார் பள்ளி அதைத் தரக் கடமைப்பட்டதல்ல.

தனியார்தான் என்று முடிவானால், முதல் கேள்வி அங்கீகாரம். மாநில அரசு தனியார் பள்ளிகளை அங்கீகரிப்பதில்லை. கல்வித்துறைப் பட்டியலில் பெயர் இருந்தால், ஆண்டுக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. பள்ளிகளைப் பரிசீலித்து அங்கீகரிக்கும் காக்னியா போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளிக்கு மாறும்போது கிரெடிட்டுகளில் (முடித்த பாடங்களுக்குக் கணக்கில் சேரும் புள்ளிகள்) இழுபறி வரலாம்.

எட்டாம் வகுப்பு வரையிலான கத்தோலிக்கப் பள்ளிகளில் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 முதல் 12,000 டாலர். அந்தத் தேவாலயப் பங்கின் உறுப்பினர் அல்லாதவர்களுக்குச் சற்றுக் கூடுதல். கல்லூரிக்குத் தயார்படுத்தும் பெரிய காலேஜ்-பிரெப் பள்ளிகள் 25,000-ஐத் தாண்டும். பதிவுக் கட்டணம் (திரும்பக் கிடைக்காது), சீருடை, புத்தகம், மதிய உணவு, மாலை நேரப் பராமரிப்பு எல்லாம் தனி. எழுத்தில் மொத்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும் மாநில ஸ்காலர்ஷிப்புக்கு 2023 ஜூலை முதல் வருமான உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர், வகுப்பையும் கவுண்டியையும் பொறுத்து மாறும். இதை நடத்தும் ஸ்டெப் அப் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் என்ற அமைப்பு வழியாக விண்ணப்பிக்கலாம். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பணம் நான்கு தவணைகளாக வரும். அந்தப் பணம் பெரும்பாலும் சிக்குவது, பிள்ளையின் பெயர் அரசுப் பள்ளிப் பதிவேட்டிலும் நீடிப்பதால்தான். பழைய பள்ளியில் முறைப்படி பெயரை நீக்கி, அதற்கான தாளைக் கையில் வைத்திருங்கள். மூன்றாம் முதல் பத்தாம் வகுப்பு வரை ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் தரப்படுத்தப்பட்ட தேர்வு எழுத வேண்டும்.

ஸ்காலர்ஷிப் வராவிட்டாலும் முழுக் கட்டணத்துக்கும் பொறுப்பு பெற்றோரே என்று பள்ளியுடன் போடும் ஒப்பந்தத்தில் இருக்கும். ஐடி வேலையில் இருப்பவர்கள் இதை இருமுறை படியுங்கள்: எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணம் கிடையாது? அக்டோபரில் கம்பெனி உங்களை டெக்ஸாஸுக்கு மாற்றினால்? பல பள்ளிகளில் ஆண்டு முழுவதுக்கும் கட்ட வேண்டிவரும். கட்டணக் காப்பீடு வாங்கினாலும், வேலை மாற்றம் அதில் அடங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசிக்கு டிஎச் 680, உடல் பரிசோதனைக்கு டிஎச் 3040 படிவங்கள். இந்திய அரசுத் திட்டத்தில் போடும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் புட்டாளம்மைக்கான (மம்ப்ஸ்) மருந்து இல்லை. இங்கே மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் கேட்பார்கள். ஆகஸ்டில் குழந்தை மருத்துவரிடம் நேரம் கிடைப்பது கடினம், ஜூனிலேயே போய்விடுங்கள்.

வரி விஷயம் ஒன்று: பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால், கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்புக் கட்டணத்தைக் குழந்தைப் பராமரிப்பு வரிச்சலுகையில் காட்டலாம். கிண்டர்கார்டன் தொடங்கியபின் பள்ளிக் கட்டணத்தைக் காட்ட முடியாது, பள்ளி விட்டபின் நடக்கும் பராமரிப்புக்கானது மட்டும், 13 வயது நிரம்பும் வரை.