முகூர்த்தத்துக்கு முன்பே முடிவாகிவிடும் விசா: துணையை அமெரிக்காவுக்கு அழைப்பதில் நடக்கும் தவறுகள்

"கல்யாணம் முடிஞ்சாச்சு, இப்ப எந்த விசா போட்டா சீக்கிரம் கூட்டிட்டு வரலாம்?" அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டுத் திரும்பியதும் கேட்கிற முதல் கேள்வி இது. கேட்கும்போதே கொஞ்சம் தாமதமாகிவிட்டது. எந்த விசா என்பதைக் கல்யாணத் தேதியும், அன்றைக்கு அழைப்பவர் கையில் இருந்தது குடியுரிமையா, கிரீன் கார்டா (நிரந்தரக் குடியிருப்பு), எச்-1பி வேலை விசாவா என்பதும் சேர்ந்து ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். அதற்குப் பிறகு நமக்கு மிஞ்சுவது படிவத்தைச் சரியாக நிரப்புகிற வேலைதான்.

அதனால் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன் இதைப் படிப்பவருக்குத்தான் அதிகப் பயன். மாலை மாற்றி முடித்தவர்களுக்கும் பின்னால் சில விஷயங்கள் இருக்கின்றன.

கிரீன் கார்டு முந்திக்கொண்டால்

நம்மவர்களை அதிகம் அடிக்கிற அடி இதுதான். வேலை வழியாக, இபி-2 அல்லது இபி-3 என்ற கிரீன் கார்டு வரிசையில், பத்து வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குள்ளிருந்தே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பம் போட்டாயிற்று. ஊரில் பெண் பார்த்துப் பேசி முடித்தாயிற்று. தை பிறந்ததும் கல்யாணம். மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை, ஆனால் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு மார்கழி, ஆடி எதுவும் கிடையாது. டிசம்பர் கடைசியில் கிரீன் கார்டு அப்ரூவ் ஆகிவிடுகிறது. ஆபீஸில் ஸ்வீட் கொடுக்கிறார். மூன்று வாரம் கழித்துக் கல்யாணம்.

அந்த மூன்று வாரத்தில் என்ன போனது என்று அவருக்குத் தெரியாது. கிரீன் கார்டு கிடைத்த நாளில் அவர் திருமணமானவராக இருந்திருந்தால், அவர் காத்திருந்த அதே வரிசைத் தேதியில் மனைவியும் பின்தொடர்ந்து வரலாம். அதற்கு ஐ-824 என்ற ஒரு படிவம் போதும். அப்ரூவலுக்குப் பிறகு நடந்த கல்யாணத்துக்கு அந்த உரிமை இல்லை. எச்-1பிக்காரரின் துணைக்கான எச்-4 ஆவது எடுக்கலாமா என்றால் அதுவும் முடியாது. கிரீன் கார்டு வந்த கணமே அவருடைய எச்-1பி நிலை முடிந்துவிட்டது; அதைப் பிடித்துக்கொண்டு வரும் எச்-4-க்குப் பிடிமானம் இல்லை. மிச்சமிருப்பது கிரீன் கார்டுக்காரரின் துணைக்கும் பிள்ளைக்குமான எஃப்2ஏ என்ற குடும்ப வரிசை. அதற்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. எந்தத் தேதிவரை முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேதி முன்னே போகும், சில மாதம் பின்னேயும் போகும். நடுவில் விசிட்டர் விசாவில் வந்து போகலாம் என்றால், குடியேற்ற மனு நிலுவையில் இருப்பவர் "திரும்பி வந்துவிடுவேன்" என்று சொல்வதை விசா அதிகாரி எளிதில் நம்புவதில்லை. மனைவிக்குத் தன் சொந்தத் தகுதியில் எச்-1பியோ எஃப்-1 மாணவர் விசாவோ ஏற்கெனவே இருந்தால் மட்டும் கதை வேறு.

ஆகவே கிரீன் கார்டு நெருங்கிவிட்டது, பெண்ணோ மாப்பிள்ளையோ முடிவாகிவிட்டது என்றால் சட்டப்படியான திருமணத்தை முன்னால் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பெரிய கல்யாணம் தையிலேயே நடக்கட்டும். ஆனால் "சும்மா ரிஜிஸ்டர் மட்டும் பண்ணிடலாம்" என்று கிளம்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் பதிவு என்பது நடந்த திருமணத்தைப் பதிவது; சடங்கு எதுவும் நடக்காமல் பதிவு மட்டும் செய்வது கேள்விக்கு இடம் கொடுக்கும். கோயிலில் எளிமையாகத் தாலி கட்டிப் பதிவு செய்வது நேரான வழி. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் போகலாம் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இரண்டு வார லீவில் வருகிறவருக்கு அது ஒத்துவராது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. கிரீன் கார்டுக்கு முன்பே கல்யாணமான ஒருவர், விவரம் தெரியாமல் ஐ-130 என்ற குடும்ப மனுவைப் போட்டு எஃப்2ஏ வரிசையின் கடைசியில் போய் நிற்பார். அவருக்கு ஐ-824 வழி திறந்தே இருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ரிஜிஸ்டர் பண்ணல, அதனால கல்யாணம் ஆகல"

கே-1 என்பது வருங்காலத் துணைக்கான விசா. அழைப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டுக்காரர் போட முடியாது. மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இருவரும் நேரில் ஒரு முறையாவது சந்தித்திருக்க வேண்டும். வந்து இறங்கிய 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விசா வாங்கும் நாளில் இருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். குடும்பத்தைத் திருப்திப்படுத்தக் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவு செய்யாததால் தாங்கள் இன்னும் 'சிங்கிள்' என்று நினைத்துக் கே-1 போடுவார்கள். இந்து திருமணச் சட்டம், 1955, பிரிவு 7-இன்படி வழக்கமான சடங்குகள் நடந்தாலே திருமணம் ஆயிற்று. தமிழ்நாட்டில் 1967-இல் சேர்த்த 7ஏ பிரிவோ, புரோகிதர்கூட வேண்டாம், உறவினர் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்கிறது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான். ஆனால் பதிவு செய்யாதது திருமணத்தை இல்லை என்று ஆக்கிவிடாது. அமெரிக்கா பார்ப்பதும் திருமணம் நடந்த இடத்தின் சட்டத்தைத்தான். பதிவும் இல்லை, ஆனால் கல்யாணம் ஆனவர்: கே-1-க்குத் தகுதியில்லை, மனைவி விசாவுக்கோ கையில் சான்றிதழ் இல்லை. இரண்டு பக்கமும் இடிபடுகிற நிலை.

உண்மையிலேயே நிச்சயதார்த்தம் மட்டும் முடித்தவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. உறவு உண்மையானது என்று காட்ட ஆல்பத்தைக் கொண்டுபோவார்கள். அதில் பெண் பட்டுப்புடவையில், கழுத்தில் ரோஜா மாலை. பையன் வேட்டி, சட்டை, அவன் கழுத்திலும் மாலை. பின்னால் மேடை அலங்காரம், முன்னால் தாம்பூலத் தட்டு வரிசை, ஓரமாக ஐயர். எது நிச்சயம், எது கல்யாணம் என்று நமக்குத் தெரியும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இது கல்யாணப் படம். "இதில் தாலி இல்லை பாருங்கள்" என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். கே-1 தான் என்று முடிவானால் நிச்சயத்தை அடக்கமாக வைத்துக்கொள்வதே நல்லது. என்னைக் கேட்டால், கோயில் கல்யாணம் கட்டாயம் என்கிற குடும்பத்தில் பிறந்தவர் கே-1 பக்கமே போகாமல் இருப்பது நலம்.

பணக் கணக்கும் கே-1-க்குச் சாதகமாக இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் அமலான கட்டணப்படி, கே-1-க்கு மனு 675 டாலர், விசா 265, வந்த பிறகு ஐ-485-க்கு 1,440. மொத்தம் 2,380. கல்யாணம் செய்துகொண்டு ஐ-130 வழியில் போனால், ஆன்லைனில் மனு 625, விசா 325, ஆவணச் சரிபார்ப்பு 120, குடியேற்றக் கட்டணம் 235, மொத்தம் 1,305. மருத்துவப் பரிசோதனை இரண்டிலும் தனி. இந்தக் கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. போடும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு, ஐ-130 வழியில் வருபவர் இறங்கிய நாளிலிருந்தே வேலை செய்யலாம். கே-1-இல் வந்தவர் வேலை அனுமதி வரும்வரை வீட்டில்தான். பயண அனுமதி இல்லாமல் ஊருக்குக் கிளம்பினால் ஐ-485 கைவிடப்பட்டதாகக் கணக்கு. புது இடம், வேலை இல்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் போக முடியாது. அந்த மாதங்களின் கனம் எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது.

கல்யாணமானவர்களுக்குக் கே-3 என்று ஒன்று உண்டே என்பார்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது அது. ஐ-130 அப்ரூவ் ஆகிவிட்டால் கே-3 கோப்பை மூடிவிடுவது 2010 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. ஏட்டில் மட்டும் இருக்கிற விசா. அதை நம்பி நேரம் கழிக்க வேண்டாம்.

சுற்றுலா விசா இருக்கே, அதில் கூட்டி வந்துவிடலாம்

மனைவிக்கு ஏற்கெனவே பத்து வருட பி1/பி2 இருந்தால் இந்த ஆசை வரும். இங்கே வந்து ஐ-485 போட்டுவிடலாம் என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். உள்ளே வந்தபின் மனம் மாறியவர் அப்படி விண்ணப்பிக்க இடமுண்டு. ஆனால் தங்கிவிடும் எண்ணத்தோடு வந்துவிட்டு, ஏர்போர்ட்டில் "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் அது பொய்த்தகவல். அதற்குத் தண்டனை வாழ்நாள் தடை. விலக்கு தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். சூட்கேஸில் கல்யாண ஆல்பமும் சர்டிஃபிகேட்டுகளும் ஆறு மாதத்துக்கான மசாலாப் பொடியும் இருந்தால் அதிகாரி என்ன முடிவுக்கு வருவார் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் தன் காலத்தில் இப்படித்தான் செய்தேன் என்பார். செய்திருக்கலாம். மாட்டியவர்கள் கல்யாண வீட்டில் கதை சொல்வதில்லை.

குடியுரிமை வரட்டும் என்று காத்திருப்பது

குடிமகனின் மனைவிக்கு வருட வரம்பு இல்லை, வரிசை இல்லை. அதனால் குடியுரிமைக்கு ஒன்றிரண்டு வருடம் இருக்கிற கிரீன் கார்டுக்காரர்கள் சிலர் மனுவையே போடாமல் காத்திருக்கிறார்கள். தேவையில்லை. இன்றே ஐ-130 போட்டு எஃப்2ஏ வரிசையில் நின்றால், குடிமகன் ஆன அன்று அதே மனு உடனடி உறவினர் வகைக்கு மாறிவிடும். குடியுரிமைச் சான்றிதழின் நகலை அனுப்பித் தெரியப்படுத்த வேண்டியது நம் வேலை.

இதற்குள் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. எஃப்2ஏ-வில் மனைவியின் மனுவிலேயே பிள்ளையும் சேர்ந்து வரும். குடிமகன் வகையில் அப்படி யாரும் ஒட்டிக்கொண்டு வர முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130 வேண்டும். குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்த சந்தோஷத்தில் இதை மறந்தால், மனைவிக்கு நேர்காணல் தேதி வந்திருக்கும், குழந்தைக்கு வந்திருக்காது. மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையென்றால், இந்தக் கல்யாணம் நடந்தபோது அதற்கு 18 வயது ஆகியிருக்கக் கூடாது.

சொந்தத்தில் கட்டியவர்கள்

இதைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுவது நமக்குச் சாதாரணம். தாய்மாமனுக்குக் கொடுப்பதையும் இந்து திருமணச் சட்டம் வழக்கத்தின் பெயரில் ஏற்கிறது. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தை அனுமதிக்கின்றன. டெக்சாஸ் 2005-இல் தடை செய்தது. தாய்மாமன் உறவென்றால் சிக்கல் இன்னும் பெரிது. எங்கே குடியிருக்கப் போகிறோம் என்பதே மனுவைப் பாதிக்கக்கூடிய இடம் இது. வக்கீலுக்குக் கொடுக்கிற காசு வீண் போகாத இடமும் இதுதான். உறவை மறைத்துப் படிவம் நிரப்புவது மட்டும் வேண்டாம்.

பெயரும் வருமானமும்

கல்யாணச் சான்றிதழில் 'கு. செல்வி'. பாஸ்போர்ட்டில் 'செல்வி குமரேசன்'. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'செல்வி கே'. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை, விசா அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணத்தைப் பதியும்போதே பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அதேபோல் எழுதச் சொல்லிவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை. பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது. மனு போட்ட கையோடு நகராட்சிக்குப் போய்ப் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். நேர்காணல் தேதி வந்த பிறகு ஓடுவது வேதனை.

அழைப்பவரின் வருமானம் ஏழ்மைக் கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். குறைந்தால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். அந்த ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழிப் படிவத்தில் நண்பரைக் கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது. அழைத்து வரப்பட்டவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது சுமார் பத்து வருட வேலைக்கணக்கு சேரும்வரை, அல்லது நாட்டைவிட்டே போய்விடும்வரை தொடரும். குடிமகனாக இருந்தும் ஊரிலேயே தங்கியிருப்பவர்கள், அமெரிக்காவில் தங்களுக்கு இருப்பிடம் இருப்பதையோ திரும்பப் போவதையோ காகிதத்தில் காட்ட வேண்டும். கையில் பாஸ்போர்ட் இருப்பது மட்டும் போதாது.

டிக்கெட் எடுக்கிற நாள்

விசா கைக்கு வந்ததும் அடுத்த விமானத்தில் ஏறத்தான் தோன்றும். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியவில்லை என்றால் கிடைப்பது சிஆர்-1. இரண்டு வருடம் மட்டுமே செல்லும் நிபந்தனை கிரீன் கார்டு. அது காலாவதியாகும் முன் கடைசி 90 நாளில் நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 போட்டு, உறவு உண்மையானதுதான் என்று மீண்டும் ஒருமுறை நிரூபிக்க வேண்டும். அதற்கு 2024 கட்டணப்படி 750 டாலர். இரண்டு வருடம் கடந்தவர்களுக்கு ஐஆர்-1. பத்து வருடக் கார்டு, இந்த வேலை இல்லை. கணக்கில் வருவது விசா ஒட்டிய நாளோ நேர்காணல் நாளோ இல்லை, அமெரிக்காவில் கால் வைக்கிற நாள். இரண்டாவது கல்யாண நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, விசாவில் செல்லும் காலம் மிச்சமிருக்கிறது என்றால், கல்யாண நாளை ஊரிலேயே கொண்டாடிவிட்டு அடுத்த நாளுக்கு மேல் ஒரு தேதியில் டிக்கெட் எடுக்கலாம். விசாவில் சிஆர்-1 என்றே அச்சாகியிருக்கும். இறங்கியதும் கவுன்டரில் கல்யாணச் சான்றிதழை எடுத்து நீட்டி, இரண்டு வருடம் முடிந்துவிட்டது, ஐஆர்-1 என்று பதியுங்கள் என்று கேட்க வேண்டும். அதனால் அந்தச் சான்றிதழை செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.