மத்தியதரைக் கடல் கப்பல் பயணம்: எந்தத் தடம்?

விளம்பரத்தில் 'ரோம்' என்றிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்கு ஏறக்குறைய 70 கி.மீ. 'ஃபுளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ. போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். ஊர்ப் பெயரை விடுங்கள், துறைமுகத்தையும் கப்பல் நிற்கும் நேரத்தையும் பாருங்கள். ரோமுக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும், இல்லாவிட்டால் பாதி நாள் ரயிலிலேயே போய்விடும்.

நகரங்கள் பிடித்தவர்களுக்கு பார்சிலோனா, மார்செய் பக்கம். தீவுகள் வேண்டுமென்றால் கிழக்கே கிரேக்கம். ஆனால் சாண்டோரினியில் கப்பல் கரையைத் தொடாது. சிறு படகில் இறங்கி, மேலே போக கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். நான்கைந்து கப்பல்கள் சேர்ந்து வரும் நாளைத் தவிருங்கள்.

நடுவில் துருக்கி வந்தால், ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, துருக்கி அதில் சேராது) பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். ஒருமுறை விசாவோடு மறுபடி கிரேக்கத்துக்குள் நுழைய முடியாது.