விவாதம் நடத்த வரும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் செய்தி சேனல் அலுவலகத்தில் இரண்டு புதியவர்களுக்கு இரவு விவாதத்தை நடத்தும் வாய்ப்பு கொடுத்தார்கள். நான் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்த்தேன். தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகள் ஒவ்வொன்றாக வந்தன. பெயரை மாற்றிச் சொல்வது, எந்த கேமரா என்று தெரியாமல் முழிப்பது எல்லாம் ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

"உங்கள் ஆட்சியில் என்ன செய்தீர்கள்?" என்பதைப் பதிலாக ஏற்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

2018 பிப்ரவரி 16, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன நாள். கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டும் என்று நடுவர் மன்றம் சொல்லியிருந்த 192 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) 177.25 ஆகக் குறைந்திருந்தது. நெறியாளர் நாற்காலிக்கு நான் புதிது. இரண்டு கட்சிக்காரர்கள், ஒரு விவசாய சங்கத் தலைவர், பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் வந்திருந்தார்கள். பொறியாளர் அரை மணி நேரம் முன்பே வந்துவிட்டார். மேக்கப் அறையில் ஒரு கோடு போட்ட தாளை விரித்து, நீல மையில் எழுதிய கணக்கைக் காட்டினார். குறைந்துபோன தண்ணீர் 14.75 டிஎம்சி. அதில் 10, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்தால் போனது. மீதி 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. "இந்தப் பத்தைத்தான் தம்பி நாம பேசணும். கடலோரத்துல அந்தத் தண்ணி உப்பாகிக்கிட்டு வருது" என்றார்.

நிகழ்ச்சி தொடங்கியதும் ஆளுங்கட்சிக்காரரிடம், "இந்தக் குறைப்புக்கு எதிராக அரசு அடுத்து என்ன செய்யும்?" என்று கேட்டேன். "1974ல ஒப்பந்தம் காலாவதியானப்ப யார் ஆட்சியில இருந்தாங்க?" என்றார் அவர். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மாறாக எதிர்க்கட்சிக்காரர் பக்கம் திரும்பி, "இதற்கு உங்கள் பதில்?" என்று கேட்டேன். அப்புறம் நாற்பது நிமிடம் துரோகி, கைக்கூலி என்று போனது. பொறியாளருக்குக் கிடைத்தது கடைசி ஒரு நிமிடம். முடிந்ததும் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். வரவில்லை.

அன்று தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் டிவி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தண்ணீர் ஏன் குறைந்தது என்று நான் சொல்லவே இல்லை. மாற்றுக் கட்சிக்காரன் மீது இன்னும் கொஞ்சம் வெறுப்பை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

அதனால் கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்: "அதை வேறொரு நாள் பேசுவோம், நான் கேட்டது இது." இரண்டாவது முறையும் நழுவினால், "பதில் வரவில்லை" என்று நேயர்களிடம் சொல்லிவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் போங்கள். எதிரணிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். எழுந்து போய்விடுவாரோ என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். போகட்டும். தாளோடு வந்தவர் இருக்கிறார்.

சண்டை வரும் என்று ஆள் பிடிப்பது

"இவங்க ரெண்டு பேரையும் போட்டா சூடு பறக்கும் சார்" என்று விருந்தினர்களை அழைக்கும் தம்பி சொல்வார். அமெரிக்காவில் டயானா மட்ஸ், பைரன் ரீவ்ஸ் என்ற இருவர் இதைச் சோதித்து 2005ல் வெளியிட்டார்கள். நடிகர்களை வேட்பாளர்களாக வைத்து ஒரே வாதங்களை இரண்டு விதமாகப் படம்பிடித்தார்கள். ஒன்று மரியாதையாக, இன்னொன்று குறுக்கிட்டு, குரல் உயர்த்தி. இரண்டாவதைப் பார்த்தவர்களுக்கு அது சுவாரஸ்யமாக இருந்தது. ஆனால் அரசியல் மீதும் அரசியல்வாதிகள் மீதும் இருந்த நம்பிக்கை குறைந்தது. கருத்து ஒன்றுதான், கெடுத்தது பேசிய விதம். அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

"அரசியல் விமர்சகர்" என்று பட்டம் போடுவது

2021 ஜூலையில் அ.தி.மு.க. தன் சார்பில் யாரும் டிவி விவாதங்களில் கலந்துகொள்ள மாட்டார்கள் என்று அறிவித்தது. இப்படி ஒரு கட்சி ஒதுங்கும்போது காலி நாற்காலியில் "ஆதரவாளர்", "விமர்சகர்" என்று ஆட்களை உட்கார வைக்கிறோம். செய்தித் தொடர்பாளர் ஒரு வார்த்தை தவறினால் மறுநாள் கட்சி கேட்கும். இவர்களை யாரும் கேட்பதில்லை, அதனால் நாக்கு நீளுகிறது. கட்சிக்காகப் பேசுகிறவர் என்றால் திரையில் அப்படியே போடுங்கள்.

மதத்தைப் பழித்த பேச்சை "அது அவர் கருத்து" என்று கடப்பது

2022 மே மாதம் ஒரு ஆங்கில சேனல் விவாதத்தில் பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் நூபுர் சர்மா நபிகள் நாயகத்தைப் பற்றிப் பேசிய பேச்சு கத்தார், குவைத் வரை கண்டனமாக வெடித்தது. ஜூன் 5 அன்று கட்சியே அவரை இடைநீக்கம் செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வெறுப்புப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்வதில் நெறியாளரின் பொறுப்பு பெரிது என்று சொன்னது. நேரலையில் எடிட் கிடையாது. பேசி முடிக்கும் வரை காத்திருக்காமல் அந்த நொடியிலேயே நிறுத்துங்கள்.

எல்லா மைக்கையும் திறந்து வைப்பது

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கைக் குறைக்கச் சொல்லுங்கள்.

"துரோகமா? நாடகமா?" என்று தலைப்பு வைப்பது

காலைக் கூட்டத்திலேயே மறுத்துவிடுங்கள். ப்ரோமோ ஓடிவிட்டால் மாற்ற விடமாட்டார்கள்.